வண்டி அங்கே, அழைப்பு இங்கே: அயல்நாட்டுச் சாலைகளில் செல்போன் விதிகள்

தாமிரபரணி தன் நெடும் பயணத்தை முடித்துப் புன்னைக்காயலில் கடலோடு கலப்பதற்குச் சில மைல்கள் முன்பாக, வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே, கடைத்தெருவையே தன் உயிர்நாடியாகக் கொண்டு விளங்கும் ஏரல், பல தலைமுறைகளாக வியாபாரத்துக்கும் வெளியூர்ப் பிழைப்புக்கும் பழகிய ஊர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிக் கொழும்புக்குச் சென்று கடை வைத்தவர்களின் காலம் ஒன்று இருந்தது. அது கழிந்து, துபாய்க்கும் ரியாத்துக்கும் சிங்கப்பூருக்கும் விமானமேறும் காலம் இன்று நடக்கிறது. போகிறவர்களில் கணிசமானவர்கள் டிரைவர் வேலைக்கே போகிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போய், அங்கே வாடகைக் கார் எடுத்து ஓட்டுகிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். இவர்கள் அனைவரும் பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் பத்திரமாக எடுத்துச் செல்வதுபோலவே இன்னொன்றையும் மறவாமல் எடுத்துச் செல்கிறார்கள். அதுதான் செல்போன்.

வீட்டையும் அந்நிய தேசத்தையும் இணைக்கும் ஒரே பாலமாக அந்தக் கருவி இருப்பதால் அதைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் வண்டி ஓட்டுகிறவன் அதை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம், கையில் எடுக்கலாமா, காதில் மாட்டலாமா, காரின் புளூடூத் வழியாகப் பேசலாமா, சிக்னலில் நிற்கும்போது ஒரு தடவை திரையைப் பார்க்கலாமா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு தேசமும் தனக்கென ஒரு விடையைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. அந்த விடைகள் ஒன்றுபோல் இல்லை. நம்மூரில் யாரும் கேட்காத ஒரு காரியம், அங்கே ஒரு மாதச் சேமிப்பையே கரைத்துவிடவோ, லைசென்ஸையே பறித்துவிடவோ கூடும். ஆதலால் கடல் கடந்து வண்டி ஓட்டப் போகிறவர்களும், அவர்களை இங்கிருந்து தொலைபேசியில் அழைக்கிறவர்களும், இந்த விதிகளைச் சற்று நிதானமாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

நம் நாட்டுச் சட்டம்

வெளிநாட்டு விதிகளைப் பார்க்குமுன் நம்முடையதைப் பார்த்துவிடுவது முறை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தபோது, வண்டி ஓட்டிக்கொண்டே கையில் தொலைபேசியைப் பிடித்துப் பயன்படுத்துவது, அபாயகரமாக வண்டி ஓட்டுவதைப் பற்றிய 184-ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது மத்தியச் சட்டம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கட்டண விகிதப்படி, முதல் தடவைக்கு 1,000 ரூபாயும் மறுதடவைக்கு 10,000 ரூபாயும் ஸ்தலத்திலேயே விதிக்கப்படுகின்றன. வழி காட்டும் வரைபடத்துக்காக மட்டும், ஓட்டுகிறவரின் கவனம் சிதறாத வகையில், கருவியைப் பயன்படுத்தலாம் என்ற தளர்வு 2020 அக்டோபரில் வந்தது.

எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும், சாலையில் நாம் காண்பது வேறு. ஏரலிலிருந்து தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ போகும் சாலையில் அரை மணி நேரம் நின்று பார்த்தால், ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையே போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களையும், தோளைத் தூக்கிக் கழுத்தைச் சாய்த்து அதைத் தாங்கிக்கொண்டே ஒரு கையால் வண்டியை வளைக்கிறவர்களையும், இரண்டு காதிலும் ஹெட்செட் மாட்டிப் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன்கூடக் கேளாமல் போகிறவர்களையும் பார்த்துவிடலாம். இந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போன பிறகு அந்நிய தேசத்துக்குப் போகிறவன், சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனாலும், முதல் அழைப்பு மணி அடித்த கணத்தில் அவன் கை தன்னையறியாமல் பழைய வழியிலேயே போகும். அபாயத்தின் வேர் இங்கேயே இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

சர்வதேச அனுமதி எதைத் தருகிறது?

வெளிநாட்டுக்குச் சுற்றுலாவாகப் போகிறவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி பெற்றுக்கொள்கிறார்கள். 1949-இல் ஜெனீவாவில் எழுதப்பட்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருப்பதால் கிடைக்கும் உரிமை அது. ஓர் ஆண்டு செல்லும். நம் அசல் லைசென்ஸும் உடன் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. வளைகுடா நாடுகளில் குடியேறி வேலை பார்ப்பவர்களுக்கு இது போதாது. அந்தந்த நாட்டு லைசென்ஸையே அவர்கள் எடுத்தாக வேண்டும்.

இந்த அனுமதியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. இந்திய லைசென்ஸின் பலத்தில் ஓட்டுகிறோம், ஆதலால் இந்திய வழக்கப்படி ஓட்டலாம் என்று சிலர் மனத்துக்குள் நினைத்துவிடுகிறார்கள். அந்த உடன்படிக்கையின் முதல் ஷரத்திலேயே, தன் சாலைகளின்மீது தனக்குள்ள அதிகாரத்தை ஒவ்வொரு தேசமும் தன்னிடமே நிறுத்திக்கொண்டிருக்கிறது. அனுமதி, ஓட்டத் தெரிந்தவன் என்பதற்குச் சாட்சி மட்டுமே. எப்படி ஓட்டவேண்டும் என்பதைச் சொல்லும் அதிகாரம் அந்த மண்ணுக்கே உரியது. 1968-இல் வியன்னாவில் எழுதப்பட்ட பிந்திய உடன்படிக்கையோ, 2006-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் மூலம், அதில் சேர்ந்த தேசங்கள் யாவும் ஓடும் வண்டியில் கையில் தொலைபேசி பிடிப்பதைத் தடை செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. கையில் பிடிக்காமல் பேசுவதை என்ன செய்வது என்பதை மட்டும் அந்தந்த தேசத்தின் தீர்மானத்துக்கு விட்டது. இன்று உலகெங்கும் விதிகள் வேறுபடுவதெல்லாம் பெரும்பாலும் அந்த விடுபட்ட இடத்தில்தான்.

வளைகுடாவின் கண்கள்

நம்மவர்கள் அதிகமாக வண்டி ஓட்டும் இடம் வளைகுடாவே ஆதலால் அங்கிருந்து தொடங்குவோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் 800 திர்ஹம் அபராதமும், அதனோடு நான்கு கரும்புள்ளிகளும் விழும். இருபத்து நான்கு புள்ளிகள் சேர்ந்துவிட்டால் லைசென்ஸ் முடக்கப்படும். சவூதி அரேபியாவில் அபராதம் 500 ரியாலிலிருந்து 900 ரியால் வரை. கத்தாரில் 500 ரியால். அங்கே 2023 செப்டம்பர் 3-ஆம் தேதியிலிருந்து, ஓட்டுகிறவரின் கையில் போன் இருக்கிறதா, சீட் பெல்ட் போட்டிருக்கிறாரா என்பதைத் தானியங்கிக் கேமராக்களே படம் பிடித்துக் குற்றமாகப் பதிவு செய்துவிடுகின்றன. குவைத்தில் பல ஆண்டுகளாக ஐந்து தினாராக இருந்த அபராதம், 2025 ஏப்ரல் 22-இல் அமலுக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டத்தால் ஒரேயடியாக 75 தினார் ஆயிற்று.

இந்த எண்களை நம் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதைவிட, ஒரு ஹவுஸ் டிரைவரின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பொருத்தம். முதலாளியின் வண்டி, முதலாளியின் பிள்ளைகள், முதலாளியின் அவசரம் என்று நாள் முழுவதும் பிறருடைய காரியத்துக்காகச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த மனிதனுக்குத் தன் வீட்டாரோடு பேசுவதற்கு வாய்க்கும் அவகாசம் மிகவும் சொற்பம். அந்தச் சொற்ப அவகாசம் வண்டிக்குள்ளேயே வாய்ப்பதால்தான் அவன் போனை எடுக்கிறான். ஆயினும் கேமராவுக்கு அவனுடைய ஏக்கம் தெரியாது. அது எழுதும் முகாலஃபா என்னும் அபராதச் சீட்டின் தொகை, பல இடங்களில் அவன் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்படுகிறது.

முன்பெல்லாம் போலீஸ்காரர் நிற்கும் முக்குகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்று பழைய டிரைவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அந்த உபதேசத்துக்குப் பயன் இல்லை. கம்பத்தின் மேலிருந்து வண்டியின் கண்ணாடிக்குள் பார்க்கும் கருவிக்கு இரவும் பகலும் ஒன்றே. காரோடு இணைந்த புளூடூத்தில், கையை ஸ்டியரிங்கை விட்டு எடுக்காமல் பேசுவதை இந்நாடுகளின் சட்டம் பொதுவாகக் கையில் பிடிக்கும் குற்றத்தோடு சேர்ப்பதில்லை என்றாலும், கவனம் சிதறி வண்டி தடம் மாறினால் அதற்குத் தனிக் குற்றமும் தனித் தண்டனையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

சிங்கப்பூர்: பிடித்திருப்பதே குற்றம்

சிங்கப்பூரில் 2015 பிப்ரவரி முதல் நாளிலிருந்து விதி இறுகியது. அதற்கு முன் பேசுவதும் செய்தி அனுப்புவதும் மட்டும் தடுக்கப்பட்டிருக்க, அன்றிலிருந்து படம் பார்ப்பது, முகநூலைப் புரட்டுவது முதலிய எல்லா உபயோகங்களும், போன் மட்டுமன்றி டேப்லெட்டும் சேர்ந்து, தடைக்குள் வந்தன. இன்று ஓடும் வண்டியில் அதைக் கையில் பிடித்திருப்பதே குற்றம். முதல் தடவைக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுதடவைக்கு இரண்டும் இரட்டிப்பாகும். டாஷ்போர்டில் தாங்கி ஒன்றைப் பொருத்தி அதில் போனை வைத்திருக்கலாம். புளூடூத்தில் பேசலாம். ஆனால் வேலை அனுமதியில் இருப்பவனுக்கு ஒரு குற்றப் பதிவு என்பது அபராதத்தோடு முடிந்துவிடும் சமாசாரம் அல்ல; அவனுடைய வேலையையும் எதிர்காலத்தையும் அது தொடக்கூடும்.

ஐரோப்பாவின் நுணுக்கங்கள்

ஐரோப்பாவுக்குப் போனால் விதிகள் இன்னும் நுணுக்கமாகின்றன. பிரிட்டன் 2003 டிசம்பர் முதல் நாளிலேயே கையில் போன் பிடிப்பதைத் தடை செய்தது. 2017 மார்ச்சிலிருந்து அபராதம் 200 பவுண்டாகவும் தண்டனைப் புள்ளிகள் ஆறாகவும் உயர்ந்தன. லைசென்ஸ் பெற்று இரண்டு ஆண்டுகள் நிறையாத புதியவருக்கு, ஆறு புள்ளிகள் விழுந்தால் லைசென்ஸே ரத்தாகிவிடும். ஓடும் வண்டியிலிருந்து விபத்தொன்றைப் படமெடுத்த ஒருவர், அது பேச்சும் அல்ல, செய்தியும் அல்ல என்று வாதாடி, 2019-இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அந்த ஓட்டையை அடைக்க 2022 மார்ச் 25-ஆம் தேதி சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, படம் எடுப்பது, பாட்டுப் பட்டியலைத் தள்ளுவது உட்படக் கையில் பிடித்துச் செய்யும் எந்தக் காரியமும் குற்றமாயிற்று. சிக்னலில் நிற்கும்போதும், நெரிசலில் வண்டி நகராமல் இருக்கும்போதும்கூட அது குற்றமே. நிறுத்த வழியில்லாத நிலையில் அவசர உதவிக்கு அழைப்பதும், நின்ற வண்டியிலிருந்து போனைக் காட்டிப் பணம் செலுத்துவதும் விதிவிலக்குகள். கையைப் பயன்படுத்தாமல் பேசலாம். ஆனால் வண்டி கட்டுப்பாட்டில் இல்லை என்று போலீஸ் கருதினால் அப்போதும் வழக்குப் போடலாம்.

ஜெர்மனியில் கையில் எடுத்தால் 100 யூரோவும் ஒரு புள்ளியும். பிறருக்கு அபாயம் விளைந்தால் 150, விபத்தே நேர்ந்தால் 200 யூரோவும், அவ்விரண்டிலும் ஒரு மாதம் ஓட்டத் தடையும் உண்டு. சிக்னலில் தானாக அணைந்து தானாகத் தொடங்கும் புதுவகை எஞ்சின்கள் வந்திருக்கின்றன அல்லவா? அப்படித் தானாக அணைந்த எஞ்சினை, அணைந்ததாக ஜெர்மானியச் சட்டம் கொள்வதில்லை. ஓட்டுகிறவரே அணைத்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் நம்மவர்களுக்கு மிகவும் புதிதாக இருப்பது பிரான்சு தேசத்தின் விதி. பாரிஸின் லா ஷாப்பேல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத் தமிழரும், புதுச்சேரி வழியாக அங்கே குடியேறிய குடும்பங்களும் இதை நன்கு அறிவார்கள். 2015 ஜூலை முதல் நாளிலிருந்து அங்கே காதில் மாட்டும் எந்த ஹெட்செட்டும், கம்பி உள்ளதோ இல்லாததோ, ஒரு காதிலோ இரண்டிலோ, வண்டி ஓட்டுகிறவருக்குத் தடை. அபராதம் 135 யூரோ, லைசென்ஸில் மூன்று புள்ளி இழப்பு. அதே சமயத்தில், காரிலேயே பொருத்தப்பட்ட ஒலிபெருக்கி வழியாக புளூடூத்தில் பேசுவதையும், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் அமைந்த கருவியையும் சட்டம் அனுமதிக்கிறது. சாலையோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிட்டாலும், அது போக்குவரத்துச் சாலையின் பகுதியாக இருந்தால், கையில் போன் எடுப்பது குற்றமே என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஸ்பெயினிலும் ஹெட்செட்டுக்கு 200 யூரோ அபராதம் உண்டு. லண்டனில் காதில் மாட்டிக்கொண்டு பேசிப் பழகிய ஒருவர், அதே வண்டியோடு கடலடிச் சுரங்கத்தைக் கடந்து பிரான்சில் ஏறிய கணத்திலேயே சட்டத்தை மீறியவர் ஆகிவிடுகிறார்.

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா

தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோவை உள்ளடக்கிய ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 அக்டோபர் முதல் தடை உண்டு. 2019 ஜனவரியிலிருந்து முதல் குற்றத்துக்கே 615 டாலரில் தொடங்கி 1,000 டாலர் வரை அபராதமும், மூன்று புள்ளியும், மூன்று நாள் லைசென்ஸ் முடக்கமும் விதிக்கப்படுகின்றன. ஓட்டப் பழகும் நிலையில் இருப்பவருக்கு அந்த முடக்கம் முப்பது நாள்.

அமெரிக்காவில் தேசம் ஒன்றானாலும் சட்டம் ஒன்றல்ல. 2001-இல் நியூயார்க்கே முதலில் மாநிலம் முழுமைக்கும் தடை கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் போன் தாங்கியில் இருக்கவேண்டும். விரலால் ஒரே ஒரு தொடுதல் அல்லது ஒரே ஒரு தள்ளுதல் மட்டும் செய்யலாம். இரண்டு காதையும் அடைத்து ஹெட்செட் அணியக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் புளூடூத்தில்கூடப் பேசக் கூடாது. பேசவில்லை, வரைபடம் மட்டுமே பார்த்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை, அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-இல் தெளிவாக்கிவிட்டது. மாநில எல்லையைக் காரில் கடக்கும்போது விதியும் மாறக்கூடும் என்பதால், பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், போன் பிடித்த கைகளைக் கண்டறியும் கேமராக்களை உலகிலேயே முதன்முதலாக 2019 டிசம்பரில் நிறுவி, மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பிவிட்டு, 2020 மார்ச்சிலிருந்து அபராதம் விதிக்கத் தொடங்கியது. அங்கே பழகுநர் லைசென்ஸும், அதற்கடுத்த தற்காலிக லைசென்ஸும் வைத்திருப்பவர்கள் புளூடூத் உட்பட எவ்வகையிலும் போனைப் பயன்படுத்த முடியாது. படிக்கப் போன நம் பிள்ளைகளில் அங்கே புதிதாக லைசென்ஸ் எடுப்பவர் பலர் இந்த வகையினரே.

சட்டம் விட்டது எல்லாம் க்ஷேமமா?

இவ்வளவையும் படித்த வாசகர், கையில் பிடிக்காமல் காரின் புளூடூத்தில் பேசினால் அநேகமாக எங்கும் தப்பித்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்று முடிவுக்கு வரக்கூடும். அபராதத்திலிருந்து தப்பிப்பது மட்டுமே நோக்கமானால் அந்த முடிவு பெரும்பாலும் சரி. உயிர் தப்புவது நோக்கமானால் அது சரியல்ல.

1997-இல் டொராண்டோவின் ஆராய்ச்சியாளர்களான ரெடல்மையர், திப்ஷிரானி இருவரும், போன் வைத்திருந்து விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை, ஏறத்தாழ 27,000 அழைப்புகளை, நிமிஷம் நிமிஷமாக ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காவதையும், கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளால் பாதுகாப்பில் அனுகூலம் எதுவும் தென்படாததையும் அவர்கள் கண்டார்கள். 2005-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடையே நடந்த மற்றோர் ஆய்வும் அதே நான்கு மடங்கையே காட்டிற்று. உலக சுகாதார நிறுவனமும் இதையே இன்றுவரை எடுத்துச் சொல்லி வருகிறது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 டிசம்பரில், அவசரமல்லாத எல்லாப் பேச்சையும், கையில் பிடிக்காத கருவிகளில் பேசுவதையும் உட்பட, ஓட்டுகிறவர்களுக்குத் தடை செய்யும்படி மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. எந்த மாநிலச் சட்டமும் அவ்வளவு தூரம் செல்லத் துணியவில்லை. சட்டம் நிற்கும் இடத்துக்கும் அறிவு காட்டும் இடத்துக்கும் நடுவே இன்னும் இடைவெளி இருக்கிறது என்பதே இதன் பொருள்.

காரணம் எளிது. கை ஓய்ந்திருந்தாலும் மனம் ஓய்ந்திருப்பதில்லை. நம் முத்துக்குளித்துறையில் சங்கு எடுக்கவும் முத்தெடுக்கவும் மூழ்கியவனுக்காகத் தோணியின் மேல் கயிறு பிடித்து நின்றவர், கடலடியிலிருந்து வரும் ஒரு சிறு இழுப்புக்காகவே தம் மனம் முழுவதையும் வைத்திருந்தார். பக்கத்துத் தோணிக்காரரோடு பேச்சில் ஆழ்ந்தால், கயிறு அவர் கையிலேயே இருந்தும் பயனில்லை. ஸ்டியரிங்கும் அப்படித்தான். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுகிறது. வீட்டில் நடந்த ஒரு சண்டையையோ, அம்மாவின் உடம்பு சரியில்லை என்ற செய்தியையோ கேட்ட ஓர் ஐந்து நொடியில் மனம் ஏரலுக்கு வந்து திரும்புமானால், அதற்குள் வண்டி கிட்டத்தட்ட 140 மீட்டர் தூரத்தைக் காவலின்றிக் கடந்திருக்கும்.

அந்நிய தேசத்தில் இந்தச் சுமை இன்னும் கூடுகிறது. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் வலப்பக்கம் ஓட்டவேண்டும். தெரியாத எழுத்தில் பலகைகள், பல தடங்கள் கொண்ட ரவுண்டானாக்கள், ஊரில் கண்டிராத வேகம் ஆகிய அனைத்தும் அவன் கவனத்தை ஏற்கனவே பங்கு போட்டுக்கொண்டிருக்கும். மிச்சமிருக்கும் கவனத்தையும் போனுக்குத் தானம் செய்ய அவனுக்கு வசதி கிடையாது.

அழைக்கிறவரின் கடமை

இனி இந்த விஷயத்தின் மறுபாதிக்கு வருவோம். இங்கே பார்த்த சட்டங்கள் யாவும் ஓட்டுகிறவனையே தண்டிக்கின்றன; அழைத்தவரை எதுவும் கேட்பதில்லை. ஆனால் நியாயத்தின் பார்வையில் அழைக்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. ரியாதின் சாலையில் ஓடும் வண்டிக்குள் மணி அடிப்பது, ஏரலில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒருவர் விரலால் தொட்டதனால் அல்லவா?

கடிகாரத்தை ஒரு தடவை பாருங்கள். ஏரலில் காலை வேலைகள் முடிந்து வீட்டுப் பெண்கள் சற்று உட்காரும் ஒன்பதரை மணி, சவூதியிலும் குவைத்திலும் கத்தாரிலும் காலை ஏழு மணி. ஹவுஸ் டிரைவர் முதலாளியின் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு நெரிசலில் போகும் வேளை. துபாயில் அப்போது எட்டு மணி. ஆபீஸ் போகும் கூட்டத்தின் உச்சம். ஏரலில் பிற்பகல் மூன்றரை மணிக்குத் தூக்கம் கலைந்து மகனை நினைத்தால், சிங்கப்பூரில் அது மாலை ஆறு மணி. விளக்கு வைத்த பிறகு ஆறரை மணிக்கு டொராண்டோவுக்கு அழைத்தால், அங்கே காலை எட்டோ ஒன்பதோ. பனிக்காலமானால் சாலையில் பனியும் உண்டு. நாம் ஓய்ந்திருக்கும் நேரமே அவர்கள் சக்கரத்தின் பின்னால் இருக்கும் நேரமாக அமைந்துவிட்டது காலத்தின் பேதத்தால் நேர்ந்த விதி. அதை மாற்ற முடியாது. அறிந்துகொண்டு நடக்க முடியும்.

ஆகவே அழைத்ததும் முதல் வார்த்தையாகத் தாய், "ஐயா, வண்டி ஓட்டுதியா?" என்று மகனைக் கேட்கட்டும். மனைவி, "வண்டி ஓட்டுதியளா?" என்று கணவனைக் கேட்கட்டும். ஆம் என்ற விடை வந்தால், அடுத்த வார்த்தை பேசாமல் வைத்துவிடட்டும். இன்னும் மேலானது, அவர்கள் வேலை நேரத்தைத் தெரிந்துகொண்டு, பேசும் வேளையை இரு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. எடுக்கவில்லை என்றால் மனம் பதறித் திரும்பத் திரும்ப அழைப்பதை நிறுத்த வேண்டும். எடுக்காதவன் நம்மை மறந்தவன் அல்லன். அநேகமாகச் சாலையை நினைத்துக்கொண்டிருப்பவன். துக்கச் செய்தியைச் சொல்ல நேர்ந்தால், வண்டியை நிறுத்திவிட்டான் என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

புறப்படுமுன்

போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். அந்த நாட்டு விதியை, அங்கே இருக்கும் சிநேகிதர் சொல்லைக் கேட்டு நம்பாமல், அந்நாட்டுப் போக்குவரத்துப் போலீஸின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அபராதங்களும் விதிகளும் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. வாடகைக் காரானாலும் முதலாளியின் காரானாலும், போனை அதன் புளூடூத்தோடு இணைப்பதையும், போகுமிடத்தை வரைபடத்தில் குறிப்பதையும் வண்டி நகருமுன் முடித்துவிடுங்கள். போனைத் தாங்கியில் வையுங்கள். கையிலோ மடியிலோ வேண்டாம். காதில் எதையும் மாட்டாதீர்கள். அது அனுமதிக்கப்பட்ட நாடு, தடுக்கப்பட்ட நாடு என்று நினைவில் வைத்துக்கொண்டு திண்டாடுவதைவிட, எங்கும் மாட்டாமல் இருப்பதே எளிது. வண்டி ஓட்டும்போது அழைப்புகளுக்குத் தானாகவே பதில் செய்தி அனுப்பும் வசதி இன்றைய போன்களில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். பேசியே தீரவேண்டுமானால், சாலையை விட்டு விலகிய வண்டி நிறுத்துமிடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசுங்கள். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் பதிந்துபோன உங்கள் தொலைபேசி எண்களை அழித்துவிடுங்கள். இந்தப் பழக்கங்களைக் கைக்கொண்டவனுக்கு ரியாதின் சட்டமும் பாரிஸின் சட்டமும் சிட்னியின் சட்டமும் தனித்தனியாகப் பயமுறுத்தும் சட்டங்களாக இரா.

இந்தப் பழக்கத்தை விமானம் ஏறிய பிறகு தொடங்க முடியாது. ஏரல் கடைத்தெருவிலிருந்து ஆற்றுப்பாலம் வரை போகும் சிறு தூரத்திலேயே அதைத் தொடங்கவேண்டும். ஊரிலுள்ள சேர்மன் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்காக விடுமுறையில் வரும் வெளிநாட்டு டிரைவர்கள், அங்கே அபராதத்துக்கு அஞ்சிக் கற்றுக்கொண்ட ஒழுங்கை இங்கே அவிழ்த்துவிடாமல், ஊர் இளைஞர்களுக்கு முன்மாதிரியாக ஓட்டிக் காட்டவேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை அனுப்பும் முகவர்களும், டிரைவிங் பள்ளிகளும், போகும் நாட்டின் செல்போன் விதியைச் சொல்லிக் கொடுக்காமல் ஒருவரையும் அனுப்பக் கூடாது. வீட்டார் அழைப்பைச் சற்று ஒத்திப் போடுங்கள். ஓட்டுகிறவர்கள் பதிலைச் சற்று ஒத்திப் போடுங்கள். ஒரு மணி நேரம் தாமதமாகப் பேசுவதால் எந்தக் குடும்பமும் கெட்டுப்போவதில்லை.